டென்ஷன் என்று ஒரு சொல்

பிறமொழிச் சொற்கள் நம் மொழிக்குள் வந்து சேரும் வழிகள் இரண்டு. பொருளோடு கூடி வருவன ஒரு வகை. சைக்கிள் வந்தது, அதன் பெயரும் உடன் வந்தது. ரேடியோ வந்தது, பெயரும் கூடவே வந்தது. மற்றொரு வகையில், பொருள் முன்னமே இங்கே இருக்க, பெயர் மட்டும் தனியே வந்து குடியேறுகிறது. இந்த இரண்டாம் வகைச் சொற்களைத்தான் நாம் சற்றே நிறுத்தி விசாரிக்க வேண்டும். வீட்டில் ஏற்கெனவே இருக்கும் பொருளுக்கு வெளியிலிருந்து ஒரு பெயர் ஏன் தேவைப்பட்டது? பழைய பெயர் செய்ய மறுத்த எந்த வேலையைப் புதிய பெயர் செய்து கொடுக்கிறது?

'டென்ஷன்' என்னும் ஆங்கிலச் சொல் அவ்வாறு வந்ததே. ஆங்கிலம் ஓர் எழுத்தும் அறியாத மூதாட்டியும் இன்று அதைச் சொல்கிறார். பள்ளிப் பிள்ளையும் சொல்கிறது. இந்த ஆரணியில் தறிக்குழிக்குள் அமர்ந்து நெய்பவர் சொல்கிறார். அவரிடம் சேலையை வாங்கிக் கணக்குப் பார்க்கும் முதலாளியும் அதையே சொல்கிறார். எல்லார் வாயிலும் ஒரே சொல். ஆனால் எல்லாரும் சொல்வது ஒரே பொருளைத்தானா என்பதே இங்கே நம் கேள்வி.

இக்கட்டுரை ஆங்கிலச் சொற்கள் தமிழில் கலப்பதைக் குறித்து வருந்துவதற்காக எழுதப்படுவதன்று. வசூல், பாக்கி, ஆஜர், ஜப்தி, வக்கீல் என்று அரபு வேரிலிருந்து பிறந்த எத்தனையோ சொற்களைத் தமிழ் தன் வீட்டுப் பிள்ளைகளாகவே வளர்த்து வந்திருக்கிறது. நீதிமன்றத்திலும் வட்டாட்சியர் அலுவலகத்திலும் அவை இல்லாமல் ஒரு நாள் கழியாது. சொல் எந்த ஊரிலிருந்து வந்தது என்பது சிறிய விஷயம். வந்த சொல் நம் ஒழுக்கத்தில் என்ன செய்கிறது என்பதே பெரிய விஷயம்.

சொல்லின் பிறப்பு

இலத்தீன் மொழியில் 'இழுத்து நீட்டுதல்' என்னும் பொருளுடைய ஒரு வினைச்சொல்லிலிருந்து 'டென்ஷன்' பிறந்தது. இழுத்துக் கட்டப்பட்ட கயிறு, விறைப்பாக நிற்கும் நரம்பு, தறியில் பூட்டிய நூல் ஆகியவற்றில் உள்ள விசையைக் குறிப்பதே அதன் முதற்பொருள். மனத்தைக் குறித்தது பின்னர் வந்த உவமைப் பொருள். இழுபட்ட நூல்போல் மனம் விறைத்திருக்கிறது என்றனர். நாளடைவில் நூல் மறைந்தது, மனம் மட்டும் நின்றது.

ஆரணி வாசகர்களுக்கு அந்த முதற்பொருளை விளக்க வேண்டியதில்லை. புவிசார் குறியீடு பெற்ற நம்மூர்ப் பட்டு, அந்த இழுவிசையினால் ஆனதே. பாவு நூல் தளர்ந்திருந்தால் ஊடை ஒழுங்காகப் படியாது. துணி ஓரிடம் நெருக்கமாகவும் ஓரிடம் கலைந்தும் போகும். அளவுக்கு மீறி இழுத்துக் கட்டினாலோ இழை அறும். ஆகவே நெசவாளர் இழுவிசையைத் தறியிலிருந்து ஒழிக்க முயல்வதில்லை. அதன் அளவைக் காக்கிறார். இழை அறுந்தால் நாடாவை நிறுத்திவிட்டு, அறுந்த முனைகளைத் தேடி முடிச்சிட்டு, அதன்பின் நெசவைத் தொடர்கிறார்.

சினத்தைப்பற்றி இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் எழுதியதும் இதனோடு ஒத்ததே. 'இஹ்யா உலூமித்தீன்' என்னும் பெருநூலில் சினம், குரோதம், பொறாமை ஆகியவற்றின் இழிவைக் கூறுவதற்கென்றே ஒரு தனிப் பகுதியை அவர்கள் அமைத்துள்ளார்கள். சினம் அறவே இல்லாமையும் குறை, வரம்பு மீறிய சினமும் குறை, இடைநிலையே வேண்டப்படுவது என்பது அவர்களின் முடிவு. அந்நூலின் பிறிதோரிடத்தில், அறிவை வேட்டைக்குச் செல்லும் குதிரை வீரனாகவும், இச்சையை அவனுடைய குதிரையாகவும், சினத்தை அவனுடைய நாயாகவும் உவமிக்கிறார்கள். நாய் இல்லாமல் வேட்டை நடவாது. பழக்கப்படாத நாயோ எசமானனையே கடிக்கும்.

மூன்று வாக்கியங்கள்

இன்றைய வழக்கில் 'டென்ஷன்' வரும் இடங்களைக் கவனித்தால் மூன்று வாக்கியங்கள் முதன்மையாக நிற்கின்றன. 'ஒரே டென்ஷனாக இருக்கிறது' என்பது ஒன்று. 'என்னை டென்ஷன் பண்ணாதே' என்பது மற்றொன்று. 'ஏதோ டென்ஷனில் பேசிவிட்டேன்' என்பது மூன்றாவது. முதலாவது முறையீடு. இரண்டாவது குற்றச்சாட்டு. மூன்றாவது சமாதானம்.

முறையீடாக வரும்போது அச்சொல் குறிக்கும் நிலையைத் தமிழ் முன்பு கவலை என்றும், பதற்றம் என்றும், மன உளைச்சல் என்றும், ஆற்றாமை என்றும் பிரித்துச் சொல்லிற்று. குற்றச்சாட்டாக வரும்போது அது எரிச்சல், சிடுசிடுப்பு, கடுகடுப்பு. சமாதானமாக வரும்போது அது பச்சையாகவே கோபம். முதற்கூட்டத்துச் சொற்கள் துன்பப்படுபவனைக் காட்டுகின்றன. பின் இரு கூட்டத்துச் சொற்கள் துன்பம் கொடுப்பவனைக் காட்டுகின்றன. 'கவலையாக இருக்கிறேன்' என்பவனுக்கு அருகில் அமர்ந்து ஆறுதல் சொல்கிறோம். 'சிடுசிடுப்பாக இருக்கிறேன்' என்று எவனும் தன்னைப்பற்றிச் சொல்லிக்கொள்வதில்லை. சொன்னால் யாரும் இரக்கப்படவும் மாட்டார்கள்.

'டென்ஷன்' செய்த வேலை இதுதான். கவலைக்கும் கடுகடுப்புக்கும் இடையே இருந்த வேலியை அது எடுத்துவிட்டது. கவலைப்படுபவனுக்கு உரிய இரக்கம், கடிந்து விழுபவனுக்கும் போய்ச் சேர்கிறது. அடித்தவனும் அடிபட்டவனும் ஒரே நோயாளிப் படுக்கையில் படுத்துக்கொள்கிறார்கள்.

தமிழிலும் 'எனக்குக் கோபம் வந்தது' என்றுதானே சொல்கிறோம், கோபம் எங்கிருந்தோ வந்து நம்மைப் பிடித்துக்கொண்டதுபோல் அல்லவா அதுவும் ஒலிக்கிறது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆயினும் கோபம் என்ற சொல் வந்தவுடன், 'யார்மேல்?', 'எதற்காக?' என்னும் இரண்டு கேள்விகள் தாமே எழுகின்றன. அவற்றுக்கு விடை சொல்லியாக வேண்டும். 'டென்ஷன்' என்றவுடன் அவ்விரு கேள்விகளும் எழுவதில்லை. அதற்கு ஆள் வேண்டாம், காரணமும் வேண்டாம், வெயில்போல் அது பொதுவாகக் காய்ந்துகொண்டிருக்கிறது.

நம் முன்னோர் சினத்துக்குக் காரணம் கேட்டார்கள். தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் எட்டு மெய்ப்பாடுகளுள் வெகுளியையும் ஒன்றாக எண்ணி, அது பிறக்கும் நிலைக்களன்கள் நான்கு என்கிறது. உடலுறுப்பைச் சிதைத்தல், குடிக்குக் கேடு சூழ்தல், அடித்து அலைத்தல், கொலைக்கு முனைதல் ஆகியன அவை. எத்துணைக் கனமான காரணங்கள்! தேநீர் ஆறிப் போயிருந்தது, பிள்ளை இரண்டு முறை ஒரே கேள்வியைக் கேட்டது, சாவியை வைத்த இடம் மறந்துவிட்டது என்பன அப்பட்டியலில் இல்லை. அவற்றுக்காக ஒருவன் வெகுண்டால், 'இதற்கா இவ்வளவு கோபம்?' என்று கேட்க வழியிருந்தது. 'இதற்கா இவ்வளவு டென்ஷன்?' என்று கேட்டாலோ, 'என் கஷ்டம் உனக்கென்ன தெரியும்' என்ற விடை ஆயத்தமாக இருக்கிறது.

மருத்துவச் சொல் ஒன்றும் இக்குழப்பத்துக்குத் துணை போயிருக்கிறது. மருத்துவர்கள் 'ஹைப்பர்டென்ஷன்' என்பது இரத்தக் குழாய்களில் இரத்தத்தின் அழுத்தம் மிகுந்திருக்கும் நோயை. அதற்கு நம் மக்கள் இட்ட பெயர் 'இரத்தக் கொதிப்பு'. கொதிப்பு என்றவுடன் கோபமும் அந்நோயும் ஒன்றே என்ற எண்ணம் வேரூன்றிவிட்டது. உண்மையில் அந்நோயுள்ளவர்களில் பலருக்கு எந்த அறிகுறியும் தெரிவதில்லை. சாந்தமே உருவானவருக்கும் அது இருக்கலாம். நாள் முழுதும் சீறுபவருக்கு இல்லாமலும் இருக்கலாம். 'எனக்கு பி.பி. இருக்கிறது, என்னிடம் யாரும் எதிர்த்துப் பேசாதீர்கள்' என்று வீட்டாரை நடுங்க வைப்பவர், மருத்துவர் எழுதிக் கொடுத்த மாத்திரைச் சீட்டைக் கோபத்துக்கு உரிமச் சீட்டாக மாற்றிக்கொள்கிறார்.

ஆள் பார்த்து வரும் டென்ஷன்

ஒரு காட்சியை மனத்தில் எண்ணிப் பார்ப்போம். இத்தொழிலில் பழகிய எவருக்கும் அது புதிதாக இராது. நெசவாளர் ஒருவர் பல நாள் உழைப்பை மடித்துக் கொண்டுவந்து வைக்கிறார். முதலாளி சேலையைப் பிரிக்கிறார். ஓரிடத்தில் சிறு குறை தெரிகிறது. வார்த்தைகள் தடித்து விழுகின்றன. கூலியில் பிடித்தமும் விழுகிறது. நெசவாளர் தலைகுனிந்து நிற்கிறார். கணக்குப்பிள்ளை மெல்ல அருகில் வந்து, 'இன்றைக்கு அவர் டென்ஷனாக இருக்கிறார், மனத்தில் வைத்துக்கொள்ளாதீர்கள்' என்கிறார். அந்த நேரத்தில் தொலைபேசி ஒலிக்கிறது. நகரத்துப் பெரிய கடைக்காரர் பேசுகிறார். போன வாரம் அனுப்பிய சரக்கில் குறை என்று அவர் திட்டுகிறார். முதலாளியின் குரலில் தேன் வடிகிறது. 'ஆகட்டும் ஐயா, மாற்றி அனுப்பிவிடுகிறேன் ஐயா' என்கிறார்.

அரை நிமிடத்துக்கு முன்பிருந்த டென்ஷன் எங்கே போயிற்று? அது உண்மையிலேயே மனிதனைத் தன்வசம் இழக்கச் செய்யும் ஒரு நோயாக இருந்தால், தொலைபேசியில் பேசியவர்மீதும் அல்லவா பாய்ந்திருக்க வேண்டும்? அது ஆளைத் தெரிந்து வைத்திருக்கிறது. எவர்மேல் விழலாம், எவர்முன் அடங்க வேண்டும் என்ற கணக்கு அதற்கு மிகத் துல்லியமாகத் தெரிகிறது. கணக்குப் போடத் தெரிந்த ஒன்றை, கட்டுக்கு அடங்காதது என்று சொல்வது பொருந்துமா?

முதலாளிமார் மட்டுமே இவ்வாறு இருக்கிறார்கள் என்பதில்லை. கடையில் பட்ட அவமானத்தைக் கணவன் மனைவிமேல் இறக்குகிறான். மாமியாரிடம் பட்டதைத் தாய் பிள்ளைமேல் இறக்குகிறாள். தலைமையாசிரியரிடம் பட்டதை ஆசிரியர் மாணவன்மேல் இறக்குகிறார். நெசவாளர்தாமும் தறியில் தமக்கு உதவியாக இருப்பவர்மேல் இறக்குவதுண்டு. மேலிருந்து கீழே வழியும் நீர்போல் அது பள்ளம் பார்த்தே பாய்கிறது. எல்லாருக்கும் கீழே இருப்பவர் எவரோ, அவர் வாயை மூடிக்கொண்டு விழுங்குகிறார்.

திருக்குறளில் 'வெகுளாமை' என்னும் முப்பத்தொன்றாம் அதிகாரம் தொடங்குவதே இந்த நுட்பத்திலிருந்துதான். தன் சினம் செல்லுபடியாகும் இடத்தில் அதை அடக்குபவனே சினத்தை அடக்கியவன். செல்லுபடியாகாத இடத்தில் அடக்கினால் என்ன, அடக்காவிட்டால் என்ன என்று வள்ளுவர் கேட்கிறார். கடைக்காரரிடம் காட்டிய பணிவுக்குப் பொறுமை என்ற பெயர் இல்லை என்பது அதன் கருத்து. பொறுமைக்கான தேர்வு நெசவாளர் முன்னிலையில் நடந்தது. அதில்தான் தோல்வி நேர்ந்தது.

'உஃப்' என்னும் ஓரசை

அரபு மொழியில் எரிச்சலைக் குறிக்கும் மிகச் சிறிய சொல் 'உஃப்'. தமிழில் 'சீ' என்போமே, அதுபோல. அகராதி ஆசிரியர்கள் அதற்குக் காதழுக்கு என்றும் நகத்தழுக்கு என்றும் பழம்பொருள் கூறுவர். மேலே விழுந்த தூசியை ஊதித் தள்ளும்போது எழும் ஒலியே அது என்று விளக்குவாரும் உண்டு. எதிரில் இருப்பவனை ஊதித் தள்ள வேண்டிய தூசியாக எண்ணுவதே எரிச்சலின் உட்கருத்து என்பதை அந்த ஓரசை காட்டிவிடுகிறது.

திருக்குர்ஆனில் இச்சொல் மூன்று இடங்களில் வருகிறது. பதினேழாம் அத்தியாயமாகிய பனூ இஸ்ராயீலின் 23ஆம் வசனத்தில், பெற்றோரிடம் அதைச் சொல்லலாகாது என்ற விலக்கல் வருகிறது. அவ்வசனம் பெற்றோரைப் பொதுவாகச் சொல்லி நிற்கவில்லை. அவர்களில் ஒருவரோ இருவருமோ முதுமையடைந்து நம்மிடம் இருக்கும் நிலையைக் குறித்துச் சொல்கிறது. சிந்திக்க வேண்டிய இடம் இது. தந்தை திடமாக இருந்து வீட்டை ஆண்ட காலத்தில் மகன் 'உஃப்' என்று சொல்லத் துணிந்திருப்பானா? அப்போது விலக்கத் தேவையே இல்லை. பயமே விலக்கி வைத்திருக்கும். கண் மங்கி, காது மந்தமாகி, கேட்டதையே திரும்பக் கேட்கும் காலம் வந்தபோது, அதிகாரம் மகன் கைக்கு மாறிவிட்டது. விலக்கல் அந்நேரத்துக்கு உரியது. 46ஆம் அத்தியாயமாகிய அல்-அஹ்காஃபில், பெற்றோரை நோக்கி அச்சொல்லைச் சொன்ன மகன் ஒருவன் பழிக்கப்படுகிறான்.

மூன்றாம் இடம் 21ஆம் அத்தியாயமாகிய அல்-அன்பியாவில் உள்ளது. அங்கே அச்சொல்லைச் சொல்பவர் நபி இப்ராஹீம் (அலை) அவர்கள். தம்மை நெருப்பில் எறியும் வல்லமை படைத்திருந்த சமூகத்தாரை நோக்கி, தனியொரு இளைஞராக நின்று, அவர்களையும் அவர்கள் வணங்கிய சிலைகளையும் குறித்துச் சொல்கிறார்கள். அங்கே அச்சொல்லுக்குப் பழிப்பு இல்லை. ஒரே சொல்தான். வலியவன் மெலியவனை நோக்கிச் சொன்னபோது அது பாவமாயிற்று. தனித்து நின்ற ஒருவர் வலிய அநியாயத்தின் முகத்துக்கு நேரே சொன்னபோது அது வீரமாயிற்று.

நபித்தோழர் அனஸ் (ரலி) அவர்கள் சிறுவராக இருந்தபோதே பெருமானார் (ஸல்) அவர்களின் பணிவிடைக்கு வந்தவர்கள். பத்தாண்டுகள் பணி செய்தார்கள். அக்காலம் முழுவதிலும் பெருமானார் (ஸல்) அவர்கள் தம்மை நோக்கி ஒருமுறையேனும் 'உஃப்' என்று சொன்னதில்லை என்று அவர்கள் அறிவித்த செய்தி, புகாரியிலும் முஸ்லிமிலும் இடம்பெற்றுள்ளது. பத்து வயதுச் சிறுவன் ஒருவன் பத்தாண்டுகள் பணி செய்த வீட்டில் ஒரு பாத்திரமும் உடைந்திருக்காதா, ஒரு வேலையும் மறந்து போயிருக்காதா? அந்தப் பத்தாண்டுகள்தாம் மதீனத்து வாழ்வின் கடினமான ஆண்டுகள்: போர்கள், பஞ்சம், உற்றார் இழப்பு, ஒரு சமுதாயத்தின் பொறுப்பு முழுவதும். 'டென்ஷன்' என்று சொல்லத் தகுதியுள்ள வாழ்வு ஒன்று உண்டென்றால் அதுவே. அந்த வாழ்வின் சுமையில் ஓர் இம்மியும் பணியாளனாகிய சிறுவன்மேல் இறக்கப்படவில்லை.

நிலையும் செயலும்

அப்படியானால் மனிதன் களைத்துப் போகக்கூடாதா, மனம் புழுங்கக்கூடாதா, பசியும் உறக்கமின்மையும் ஒருவனைச் சிடுசிடுப்பாக்குவது இயற்கையல்லவா என்று கேட்கலாம். இயற்கைதான். நம் சட்ட அறிஞர்கள் அதை அறியாதவர்கள் அல்லர். அவர்கள் கண்ட வழியை இங்கே எடுத்துரைப்பது பயனுடையது.

கோபமாக இருக்கும் நிலையில் நீதிபதி இருவருக்கிடையே தீர்ப்பளிக்கலாகாது என்பது பெருமானார் (ஸல்) அவர்களின் கட்டளை. ஃபிக்ஹு அறிஞர்கள் இக்கட்டளையைக் கோபத்தோடு நிறுத்தவில்லை. மனத்தைக் குலைக்கும் ஏனைய நிலைகளையும் அதனோடு சேர்த்தார்கள். கடும்பசி, தாகம், உறக்கக் கலக்கம், பெருந்துயரம், உடல்வலி ஆகிய நிலைகளிலும் தீர்ப்பு வழங்குவதை அவர்கள் விலக்கினார்கள். இன்று 'டென்ஷன்' என்று நாம் சொல்லும் பையில் உள்ள அத்தனை பொருள்களும் அப்பட்டியலில் இருக்கின்றன!

ஆனால் அவர்கள் எடுத்த முடிவைக் கவனியுங்கள். 'பாவம், நீதிபதி பசியோடு இருந்தார்; அவர் தந்த தவறான தீர்ப்பைப் பொறுத்துக்கொள்ளுங்கள்' என்று அவர்கள் வழக்காளியிடம் சொல்லவில்லை. 'உம் மனம் குலைந்திருக்கிறது. ஆகவே அதிகாரத்திலிருந்து கையை எடும்' என்று நீதிபதியிடம் சொன்னார்கள். மனநிலை குற்றமன்று. அந்த மனநிலையை உடையவன்மேல் அது ஒரு கடமையைச் சுமத்துகிறது. நாமோ அதைத் தலைகீழாக்கி, அக்கடமையை எதிரில் நிற்பவன்மேல் சுமத்துகிறோம். அப்பா டென்ஷனாக இருக்கிறார், ஆகவே பிள்ளைகள் மூச்சு விடக்கூடாது என்கிறோம். அப்பா டென்ஷனாக இருக்கிறார், ஆகவே அப்பா இன்று எவரையும் தண்டிக்கக்கூடாது என்பதல்லவா முறை?

கோபத்தில் பேசிய பேச்சுக்குப் பொறுப்புண்டா என்னும் கேள்வியையும் அவர்கள் ஆராய்ந்தார்கள். மணவிலக்கைப் பற்றிய விவாதத்தில் இக்கேள்வி கூர்மையாக எழுந்தது. ஹிஜ்ரீ 751இல் (கி.பி. 1350) மறைந்த இமாம் இப்னுல் கய்யிம் (ரஹ்) அவர்கள் இதற்கெனத் தனி நூலே எழுதி, கோபத்தை மூன்று படிகளாகப் பிரித்தார்கள். தான் பேசுவது இன்னதென்று தெரிந்திருக்கும் தொடக்கநிலைக் கோபம் ஒன்று. அறிவு முற்றிலும் மறைந்து, சொல்வது இன்னதென்றே அறியாத நிலை மற்றொன்று. இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது மூன்றாவது. இடைநிலையைப் பற்றியே கருத்து வேற்றுமை. தான் சொல்வதை அறிந்து சொன்னவன் அச்சொல்லுக்குக் கட்டுப்பட்டவன் என்பதில் வேற்றுமை இல்லை. 'ஏதோ டென்ஷனில் பேசிவிட்டேன்' என்று நாம் சொல்லும் பேச்சுகளில் பெரும்பாலானவை எந்தப் படியைச் சேர்ந்தவை என்பதை அவரவர் மனமே அறியும்.

மெலியவர் வாயில் அச்சொல்

இவ்வளவும் சொன்னபின், அச்சொல்லை ஒரேயடியாக ஒதுக்கிவிடலாமா என்றால், அதுவும் நீதியாகாது. 2017ஆம் ஆண்டில் லெஸ்லி ஜோ வீவர் என்னும் அமெரிக்க மானிடவியலாளர், வட இந்தியப் பெண்கள் தம் துன்பத்தை எடுத்துரைக்க 'டென்ஷன்' என்ற சொல்லைக் கையாளும் வழக்கத்தை ஆராய்ந்து எழுதினார். நம் பகுதியிலும் அதே நிலைதான். கணவன் குடும்பத்தில் படும் பாட்டை ஒரு பெண் தன் தாயிடம்கூடப் பெயர் சொல்லிக் கூற இயலாதபோது, 'கொஞ்சம் டென்ஷன் அம்மா' என்கிறாள். வாங்கிய முன்பணத்தைத் தீர்க்க முடியாமல் தவிக்கும் நெசவாளரும், கடன் கொடுத்தவர் பெயரைச் சொல்லாமல் அச்சொல்லுக்குள் ஒதுங்கிக்கொள்கிறார். யார் செய்தது, எதற்காக என்று கேளாத அச்சொல்லின் இயல்பு, மெலியவருக்கு ஒரு மறைவிடமாகிறது. வலியவருக்கோ அதே இயல்பு தப்பும் வழியாகிறது.

ஆகவே கேட்பவருக்கு ஒரு பொறுப்பு உண்டு. தனக்குக் கீழுள்ளவர் 'டென்ஷன்' என்று சொல்லும்போது, அதற்குள் மறைந்திருப்பது என்னவென்று இரக்கத்தோடு கேட்க வேண்டும். அது உளைச்சலாக இருக்கலாம், கடனாக இருக்கலாம், நாமே செய்த அநீதியாகவும் இருக்கலாம். தமிழில் 'வயிற்றெரிச்சல்' என்று ஒரு சொல் உண்டு. பொறாமையையும் அது குறிக்கும். அநீதி இழைக்கப்பட்டு, எதிர்த்துப் பேச வழியற்று, உள்ளேயே எரிபவனின் நிலையையும் குறிக்கும். ஏழையின் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொள்ளாதே என்று பெரியோர் எச்சரித்தது இந்தப் பின்பொருளில்தான். அநீதிக்கு ஆளானவனின் பிரார்த்தனைக்கும் இறைவனுக்கும் இடையே திரையில்லை என்று முஆத் (ரலி) அவர்களை யமனுக்கு அனுப்பியபோது பெருமானார் (ஸல்) அவர்கள் எச்சரித்ததும் இதையே. ஒருவரின் சிடுசிடுப்பு மற்றொருவரின் வயிற்றெரிச்சலாக மாறுகிறது. இரண்டுக்கும் ஒரே பெயரை இட்டால், எது வினை, எது விளைவு என்பது தெரியாமற் போய்விடும்.

சொற்கள் பயணத்தில் பொருள் மாறுவது புதிதன்று. நம் வட்டாரத்தில் உருது பேசும் முஸ்லிம்கள் கோபத்தை 'குஸ்ஸா' என்பர். அதன் வேரான அரபுச் சொல் தொண்டை அடைத்துக்கொள்வதைக் குறிப்பது. பாரசீகத்தில் அது துயரமாயிற்று, உருதுவில் கோபமாயிற்று. தொண்டையில் அடைத்த துயரம் கோபமாக வெளிவருகிறது என்ற உண்மையை அந்த ஒரு சொல்லின் பயணமே சொல்லிவிடுகிறது. 'டென்ஷன்' என்பதற்குள்ளும் அத்தகைய துயரம் இருக்கக்கூடும். துயரம் உண்மையாக இருந்தாலும், அதைப் பிறர் தலையில் இறக்குவது தனிச் செயல்; அதற்குத் தனிக் கணக்கு உண்டு.

ஆலு இம்ரான் அத்தியாயத்தின் 134ஆம் வசனம் நல்லடியார்களின் பண்புகளுள் ஒன்றாகச் சினத்தை விழுங்குவதைக் குறிக்கிறது. அங்கே ஆளப்பட்டுள்ள அரபு வினைச்சொல், நீர் நிறைந்த தோற்பையின் வாயை இறுக்கிக் கட்டுவதற்கு வழங்குவது. பை காலியாக இருக்க வேண்டும் என்று அங்கே எதிர்பார்க்கப்படவில்லை. நிறைந்துதான் இருக்கிறது, வாய் கட்டப்பட்டிருக்கிறது. உள்ளே கோபமே எழாதவர்களைப் பற்றியதன்று அப்புகழ்ச்சி. அத்தோடு அது நிற்கவும் இல்லை. விழுங்குவதையடுத்து மன்னிப்பும், மன்னிப்பையடுத்து நன்மை செய்தலும் கூறப்படுகின்றன. வாயைக் கட்டி உள்ளேயே புளிக்க வைப்பதும் போதாது என்பது குறிப்பு.

ஹஜ்ஜுக்குப் புறப்படுபவர் உறவினர் வீடுகளுக்கும் அண்டை அயலாரிடமும் சென்று, 'ஏதேனும் தவறு நடந்திருந்தால் ஹலாலாக்கிக்கொள்ளுங்கள்' என்று கேட்கும் வழக்கம் நம்மிடையே இருந்து வருகிறது. நல்ல வழக்கம். ஆனால் 'ஏதேனும்' என்னும் பொதுச்சொல்லில் தப்பித்துக்கொள்ளாமல், இன்னாரிடம் இன்னது செய்தேன் என்று பெயர் சொல்லிக் கேட்கும் மன்னிப்புக்கே முழுமை உண்டு. 'டென்ஷனில் பேசிவிட்டேன்' என்பது மன்னிப்புக் கேட்பதாகாது. அது தன்னைத் தானே மன்னித்துக்கொள்வது. 'உங்கள்மேல் கோபப்பட்டேன்; அது அநியாயம்' என்று சொல்லிப் பாருங்கள். நாக்கு புரள மறுக்கும். அந்தக் கடினமே அதன் மதிப்பு. அவ்வாறு சொல்லப்பட்ட பிறகுதான் எதிரில் நிற்பவருக்கு மன்னிப்பதற்கென்று ஒன்று கையில் கிடைக்கிறது.

நம் வீடுகளில் இச்சொல்லைத் தடை செய்ய வேண்டியதில்லை. தடை செய்யவும் முடியாது. அது நாவில் வரும்போது, இப்போது என்னிடம் இருப்பது கவலையா, களைப்பா, கோபமா என்று ஒரு கணம் பிரித்துப் பார்த்தால் போதும். கவலையானால் அதைத் தாங்கக்கூடியவரிடம் சொல்வோம். களைப்பானால் ஓய்வெடுப்போம். கோபமானால் அதன் பெயரை ஒப்புக்கொண்டு, அது தணியும்வரை கூலியைக் கணக்கிடும் பேனாவையும், பிள்ளையை அடிக்கும் பிரம்பையும் கீழே வைப்போம்.